கால்கோருக்கும் கேட் பாஸ் வேண்டும்

புதுப் பொம்மையின் அட்டையிலிருந்து பிளாஸ்டிக் மூடியைப் பிய்த்ததும் ஒரு வாசனை வரும். புது மழைக்கோட்டையும் அழிரப்பரையும் ஒன்றாக மூக்கில் வைத்து அழுத்தினாற்போல இருக்கும். கால்கோரின் கறுப்பு அங்கியில் அந்த வாசனை ஒரு வருடத்துக்கும் மேலாக இருந்தது. நானும் அண்ணன் சேகரும் மாறி மாறி அதை முகர்ந்து பார்ப்போம், அதற்கும் முறை வைத்துச் சண்டை போடுவோம். இன்று அந்தப் பொம்மை பூனாவில், பாணேரில் இருக்கும் என் வீட்டு அலமாரியில், ஒரு பிஸ்கட் டப்பாவுக்குள் கிடக்கிறது. கையில் எடுத்தால் பிசுபிசுவென்று ஒட்டுகிறது, வாசனையும் மாறிப்போய்விட்டது. ஆனாலும் தூக்கிப் போட மனம் வரவில்லை என்று எழுதினால் அது பொய். மனம் என்று ஒன்று வந்ததா போனதா என்றே தெரியாமல்தான் பல வருடம் அதை ஒவ்வொரு வீட்டுக்கும் தூக்கிக்கொண்டு போயிருக்கிறேன்.

ஜெல்மோரா என்று ஒரு நாடு. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, இந்தியில் பேச்சு மாற்றி, டிவியில் வந்த படக்கதை அது. அந்த நாட்டின் இளவரசி மிஹாராவை நான்கு கைகள் உள்ள கால்கோர் கல்லாக்கி, ஏழு வாசல் கோட்டைக்குள் நிறுத்திவிடுவான். அவளுடைய தம்பி வீர் ரேகான் இரட்டைத் தலைக் குதிரையில் ஏறி, ஏழு சாவியையும் தேடி அலைவான். கதையைக் காட்டிப் பொம்மை விற்பதுதான் அவர்கள் நோக்கம் என்பது இப்போது புரிகிறது. ஏழு பொம்மை, ஒவ்வொன்றோடும் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு சாவி, ஏழும் சேர்ந்தால் கோட்டை திறக்கும், அந்தக் கோட்டையோ தனியாக வாங்க வேண்டும். எங்களுக்கு வாய்த்தது இரண்டே பொம்மைகள். ஒரு தீபாவளிக்கு அப்பா பூனாவுக்குப் போய் ரேகானையும் கால்கோரையும் வாங்கி வந்தார். ரேகானுக்கு மூன்றாம் நாளே வலது கை கழன்று போனதால், கதாநாயகன் எங்கள் வீட்டில் உப்புக்குச் சப்பாணி ஆகிவிட்டான், கால்கோர்தான் ராஜாங்கம் நடத்தினான்.

அப்பா பூனாவுக்குப் பக்கத்தில் தேஹு ரோடில் ராணுவத் தளவாட டிப்போவில் சிவிலியன் ஊழியர். ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து வந்த எங்கள் உறவுக்காரர்களில் பாதிப் பேருக்கு அங்கேதான் வேலை. டிப்போவின் சங்கை ஊரே "போங்கா" என்று சொல்லும். காலையில் அது ஊதினால் அப்பா கிளம்புவார், சாயங்காலம் ஊதினால் அம்மா டீக்கு அடுப்பு மூட்டுவாள். சட்டைப் பையில் பிளாஸ்டிக் உறை போட்ட கேட் பாஸ் இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்காமல் அப்பா ஒருநாளும் செருப்பு மாட்டியதில்லை. "பாஸ் இல்லன்னா பிரம்மனே வந்தாலும் வெளியதான் நிக்கணும்" என்பார். எங்கள் வீட்டில் அது வேதவாக்கு. வருடா வருடம் பாஸைப் புதுப்பிக்க ஒரு வரிசை, கையெழுத்துக்கு ஒரு வரிசை, கையெழுத்துப் போடும் அதிகாரி சாப்பிடப் போய்விட்டால் அவர் வரும்வரை மரத்தடி. உலகத்தில் எந்தக் கதவாக இருந்தாலும் அதன் முன்னால் ஒரு காவல்காரரும் ஒரு பாஸும் இருக்கும் என்று நான் நம்பியதில் ஆச்சரியமில்லை.

எங்களிடம் டிவி கிடையாது. குவார்ட்டர்ஸின் மேல் மாடியில் இருந்த மராத்திக்காரக் "காக்கு" வீட்டுக்குப் போய்ப் பார்ப்போம். காக்கு என்றால் சித்தி. அவர் எங்களைத் தரையில் உட்காரவைத்து, ஆளுக்கொரு கிண்ணத்தில் "போஹே", அதாவது தாளித்த அவல், கொடுப்பார். பத்துப் பாகம் வரை அப்படிப் பார்த்தேன். பிறகு எனக்குத் தொண்டை வலி வந்தது, அது சரியாகி இரண்டு வாரம் கழித்து முழங்கால்கள் வீங்கின, ஒருநாள் காலையில் கட்டிலிலிருந்து இறங்கிக் கால் ஊன்ற முடியாமல் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். எனக்கு ஒன்பது வயது, அண்ணனுக்குப் பன்னிரண்டு.

வாதக் காய்ச்சல் என்றார் டாக்டர். இதயத்தைத் தொட்டிருக்கிறது, படி ஏறக்கூடாது, ஓடக்கூடாது, மாதக்கணக்கில் படுக்கையிலேயே இருக்க வேண்டும். இருபத்தொரு நாளுக்கு ஒருமுறை இடுப்பில் ஓர் ஊசி. அந்த ஊசியைப் போட்ட இரண்டு நாளைக்கு எந்தப் பக்கம் திரும்பிப் படுத்தாலும் உயிர் போகும். முதல் ஊசிக்குக் கத்தினேன். மூன்றாவது ஊசிக்குள் ஒரு வித்தை பழகிவிட்டேன்: ஊசி ஏறும்போது இது என் உடம்பு இல்லை என்று நினைத்துக்கொண்டு சுவரில் தொங்கும் நாட்காட்டியைப் பார்ப்பது. அம்மா அதைப் பார்த்துவிட்டு, "அழுதுடுடி, அழுதா ஆறும்" என்பாள். நான் அழ மாட்டேன். அந்த வித்தை பின்னால் எனக்கு ரொம்ப உதவியது. இவ்வளவு உதவியிருக்க வேண்டாம்.

நான் படியேற முடியாததால் ஞாயிறு தோறும் அண்ணன் மட்டும் காக்கு வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து எனக்குச் சொல்வான். ஒன்பதே முக்காலுக்கே அம்மா எனக்குத் தலை வாரி, முதுகுக்கு இரண்டு தலையணை வைத்துவிடுவாள். கையொடிந்த ரேகானையும் கால்கோரையும் போர்வையின் மேல் நிறுத்திக்கொண்டு நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்திருப்பேன். பத்தரை தாண்டி ஐந்து நிமிடத்தில் அண்ணன் மூச்சிரைக்க வந்து கட்டில் காலடியில் உட்காருவான். "அரே மஞ்சு, இன்னிக்கி இன்னா ஆச்சி தெரியுமா" என்று தொடங்கினால் வீடு ஜெல்மோரா ஆகிவிடும். பாதித் தமிழ், பாதி இந்தி, இடையிடையே குதிரைக் கனைப்பு.

முதல் மூன்று வாரம் சொன்ன கதை சுமார்தான். அங்கே ஓடினான், இங்கே வெட்டினான், முடிந்தது. நான்காவது வாரத்திலிருந்து கதை பிடித்தது ஒரு வேகம்! அந்த வாரம் கால்கோர் நான்கு கைகளிலும் ஆயுதத்தோடு ஏழாவது வாசலுக்கு வருகிறான். வாசலில் ஒரு நொண்டி நாய் காவல். "பாஸ் காட்டு" என்கிறது நாய். கால்கோர் நெஞ்சுக் கவசத்துக்குள் கைவிட்டு எடுத்துக் காட்டுகிறான். நாய் மூக்கை வைத்துப் பார்த்துவிட்டு, "இது நேத்தோட முடிஞ்சி போச்சி, போய்ப் புதுசு போட்டுகினு வா" என்கிறது. அரக்கன் வரிசையில் நிற்கிறான். அவன் முறை வரும்போது கையெழுத்துப் போடுகிறவர் சாப்பிடப் போய்விடுகிறார். வாரம் முழுக்கக் கால்கோர் மரத்தடியில் உட்கார்ந்திருக்கிறான், அதற்குள் ரேகான் பின்பக்கமாகக் கோட்டைக்குள் போய்விடுகிறான்.

"அவன் எப்பிடிப் போனான்? பாஸ் வேணாமா?" என்று கேட்டேன்.

"அவன் உள்ளூர்க்காரன். பர்மனென்ட் பாஸ்" என்றான் அண்ணன்.

எனக்கு முழுத் திருப்தி.

அடுத்தடுத்த வாரங்களில் நீளமான இரும்பு வண்டிகளில் தார்ப்பாய் போட்டு மூடிய மிருகங்கள் வந்தன. மூடிய துணிக்குள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது, நீட்டிக்கொண்டிருக்கும் மூக்கு மட்டும் வெளியே தெரியும். ஒரு கிழவி வேர்க்கடலைப் பொட்டலம் விற்றாள். பொட்டலத்தைப் பிரித்தால் காகிதத்தில் வருங்காலம் எழுதியிருக்கும், அதற்குச் சிவப்பு மையில் பத்துக்கு நான்கு என்று மதிப்பெண்ணும் போட்டிருக்கும். நாளுக்கு இரண்டு முறை ஒரு மலை ஊளையிடும், அதைக் கேட்டதும் சண்டை போடுகிறவர்கள் வாளைக் கீழே வைத்துவிட்டு வீட்டுக்குப் போவார்கள். இரட்டைத் தலைக் குதிரை ஏன் இந்த வாரம் வரவில்லை என்று கேட்டால், ஒரு தலைக்கு உடம்பு சரியில்லை, லீவு என்பான். கடைசியாகச் சொன்ன பாகத்தில் ஆறு சாவி கிடைத்து, இளவரசி மிஹாராவின் இடதுகை விரல்களுக்கு மட்டும் உயிர் வந்திருந்தது. அவளுக்கு வலிக்கத் தொடங்கிவிட்டது. "கல்லா இருக்கசொல்ல வலி இல்ல மஞ்சு. உயிர் வந்தாத்தான் வலி. அதனால அவ வேணாங்கறா. அப்பிடியே கல்லாவே இருந்துடறன்றா." மறுநாள் எனக்கு ஊசி.

ஜூனில் டாக்டர் என்னை எழுந்து நடக்கச் சொன்னார். பள்ளிக்கூடம் திறந்த அடுத்த ஞாயிறு, "இன்னிக்கிக் கடைசிப் பாகம்" என்று சொல்லிவிட்டு அண்ணன் போனான். அவன் திரும்பி வந்தபோது நான் வாசலில் வகுப்புத் தோழிகளோடு தாயம் ஆடிக்கொண்டிருந்தேன். ஐந்து மாதம் கழித்து என்னைத் தேடி வந்த தோழிகள். அவன் மூச்சிரைக்க நின்றான். நான் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "அப்பறம் சொல்லு" என்றேன். சாயங்காலம் மறுபடி வந்தான். "அதெல்லாம் சின்னப் பசங்க கதைண்ணா" என்றேன், தோழிகளில் ஒருத்தி இன்னும் வீட்டுக்குப் போகாமல் இருந்ததால் கொஞ்சம் உரக்கவே சொன்னேன். அவன் திரும்பிச் சமையலறைக்குப் போனான். படியேற அனுமதி கிடைத்துக் காக்கு வீட்டுக்குப் போனபோது பத்து மணிக்கு வேறு ஏதோ ஓடியது. கதை முடிந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டேன். பிறகு நானும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

அண்ணன் ஐடிஐ படித்துச் சிஞ்ச்வடில் வண்டி உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்தான். இருபத்தைந்தாவது வயதில், காலை ஷிப்டுக்குப் போகும்போது பழைய நெடுஞ்சாலையில் லாரி மோதி இறந்துபோனான். இதை ஒரே வாக்கியத்தில்தான் எனக்குச் சொல்ல வருகிறது. எனக்கு அப்போது இருபத்திரண்டு. அம்மா விழுந்து அழுதாள், அப்பா கேட் பாஸ் இருக்கும் பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு மூலையில் நின்றார். வந்தவர்களுக்கு நாற்காலி போட்டது, தேநீருக்குச் சொன்னது, ஊருக்குப் போன் செய்தது எல்லாம் நான். "பொண்ணு கல்லு மாதிரி நிக்குது பாரு" என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. சுவரில் ஒரு நாட்காட்டி இருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இருபது நாள் கழித்து அவனுடைய சாமான்களை வாங்கிவரத் தொழிற்சாலைக்கு நான்தான் போனேன். வாசலில் காவல்காரர் ஒரு சீட்டை நீட்டி, உள்ளே போகப் பாஸ் போட வேண்டும், நிரப்புங்கள் என்றார். பெயர், ஊர், நேரம். யாரைப் பார்க்க வேண்டும் என்ற இடத்தில் சேகர் என்று எழுதிக் கொடுத்தேன். அவர் போனை எடுத்து உள்ளே அந்தப் பெயரைச் சொன்னார். சற்று நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு போனை வைத்துவிட்டு, "மேடம், யே தோ..." என்று, இவர் வந்து என்பதுபோல, இழுத்து நிறுத்தினார். சீட்டைக் கிழித்துவிட்டு, அவரே வேறொரு சீட்டில் யாரோ அதிகாரியின் பெயரை எழுதிக் கொடுத்தார். அப்போதும் எனக்கு ஒன்றும் ஆகவில்லை. நன்றி சொல்லிவிட்டு உள்ளே போனேன். அவனுடைய லாக்கரில் ஒரு துண்டு, ஒரு சாப்பாட்டு டப்பா, பழைய சாவி வளையம். வளையத்தில் மோட்டார்சைக்கிளின் மாற்றுச் சாவியோடு சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு கறுப்புச் சாவி, கால்கோருடையது, தொங்கிக்கொண்டிருந்தது.

அதன்பின் வேலை, கல்யாணம், பாணேரில் பதினோராவது மாடி, மகள் தியா. யாராவது கூடப் பிறந்தவர்கள் உண்டா என்று கேட்டால், "ஓர் அண்ணன், இப்ப இல்ல" என்று மணி சொல்வதுபோலச் சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுவேன்.

போன மழைக்காலத்தில் தியா காய்ச்சலாகப் படுத்திருந்தாள். எட்டு வயது. பொழுது போகாமல் பிஸ்கட் டப்பாவை உருட்டிக் கால்கோரைக் கண்டுபிடித்து, இது யார் என்று கேட்டாள். சொன்னேன். அவள் உடனே போனில் தேடி ஜெல்மோராவை எடுத்துவிட்டாள். யாரோ ஒரு புண்ணியவான் பழைய ஒளிநாடாவிலிருந்து இந்திப் பாகங்களை அப்படியே ஏற்றி வைத்திருந்தார். இரண்டு நாள் ஒரே போர்வைக்குள் இருந்து பார்த்தோம். பதின்மூன்றாவது பாகம் முடிந்ததும், "அடுத்ததுதான் நல்லா இருக்கும், கால்கோர் கேட் பாஸுக்கு வரிசையில நிப்பான்" என்றேன். தியா தேடினாள். அடுத்தது இல்லை. இந்தியில் மட்டுமல்ல, எந்த மொழியிலும் இல்லை. பொம்மை விற்கவில்லை என்று பதின்மூன்றோடு நிறுத்திவிட்டார்களாம். இளவரசி கடைசிவரை கல்தானாம். இதையெல்லாம் கீழே யாரோ வருத்தப்பட்டு எழுதியிருந்தார்.

நான் அதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். நொண்டி நாயும் தார்ப்பாய் போட்ட மிருகமும் கடலைக் கிழவியும் ஊளையிடும் மலையும் எந்த ஊரில் இருக்கின்றன என்று முப்பது வருடம் கழித்து மண்டையில் உறைத்தது. தேஹு ரோடு ஸ்டேஷனில் கூட்ஸ் வண்டிகளில் டாங்கிகள் தார்ப்பாய் போர்த்திப் போகும். பிளாட்பாரத்துக் கிழவி விடைத்தாளைக் கிழித்துத்தான் பொட்டலம் மடிப்பாள். வெளிநாட்டு அரக்கன் டிப்போ வாசலில் அதிகாரி சாப்பிட்டுவிட்டு வரும்வரை காத்திருப்பானா என்று சந்தேகம் வராமல் வளர ஓர் ஊழியர் குடும்பத்தில்தான் பிறந்திருக்க வேண்டும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தியாவோடு தேஹு ரோடுக்குப் போனேன். அப்பா ஓய்வு பெற்றபின் அவரும் அம்மாவும் கடைத்தெருவுக்குப் பின்னால் சின்னதாக ஒரு வீடு கட்டிக்கொண்டு இருக்கிறார்கள். அம்மா மேத்தி, அதாவது வெந்தயக் கீரை, ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் விஷயத்தைச் சொன்னேன்.

"அது எனக்குத் தெரியாதா இன்னா?" என்றாள், கீரையிலிருந்து கையை எடுக்காமல். "அந்தப் படம் நின்னு பூட்சின்னு காக்கு அப்பவே சொன்னாங்களே. நீ தலை வாரிகினு குந்தியிருக்கற, அவனுக்குச் சொல்ல மனசு வரல. அரைமணி நேரம் வெளிய போவணுமே, ஸ்டேஷன்ல போய் குந்திகினு இருந்துட்டு வருவான். பசங்க கிரிக்கெட்டுக்குக் கூப்டுவாங்க, போவ மாட்டான். நான் கதவாண்ட நின்னு வாரா வாரம் கேப்பன். நல்லாத்தான் இருந்திச்சி."

"அப்பறம் ஏம்மா என்கிட்ட சொல்லல?"

"எங்கடி சொல்றது? அவன் போனதுல இருந்து அவன் பேரையே நீ எடுக்கறதில்ல. எடுத்தா எழுந்து போயிடற."

நானும் ஒரு பிடி கீரையை எடுத்து ஆயத் தொடங்கினேன். கடைசியில் என்ன ஆயிற்று என்று தியாதான் கேட்டாள். "பாட்டி, அந்தப் பிரின்சஸ்க்கு ஃபிர் க்யா ஹுவா? லாஸ்ட்ல?"

"உங்கம்மா கேக்கலன்னு எங்கிட்டதான் வந்து சொன்னான். நான் சப்பாத்தி போட்டுகினு இருந்தன்" என்றாள் அம்மா. "அந்தப் பொண்ணுக்கு முழுசா உயிர் வந்துடுச்சி. வந்ததும் தம்பியப் பாத்து, 'இவ்ளோ நாளு எங்கடா போயிருந்த?'ன்னு கோவமா கேக்கறா. அவன் ஏழு மல ஏறினது, கை ஒடிஞ்சது ஒண்ணும் சொல்லல. 'எங்கயும் போவலக்கா, கேட்டாண்டதான் நின்னுகினு இருந்தன், பாஸு கெடைக்க லேட்டாய்ட்சி'ன்றான். அவ்ளோதான் கத."

தியாவுக்குப் பிடித்திருந்தது. சிரித்தாள். எங்கள் அடுக்ககத்திலும் வாசலில் காவல்காரர் கேட்டு, நாங்கள் போனில் சரி என்றால்தான் யாரையும் உள்ளே விடுவார், அதனால் அவளுக்கு எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. நான் கடைக்குப் போய் வருகிறேன் என்று சொல்லிவிட்டு ஸ்டேஷனுக்கு நடந்தேன்.

பத்து மணி இருக்கும். கடலைக் கிழவி இல்லை, நொண்டி நாய் இல்லை, சிமென்ட் பெஞ்சு இருந்த இடத்தில் இரும்பு நாற்காலிகள். குவார்ட்டர்ஸை இடித்துவிட்டார்கள், காக்கு மகனோடு நாசிக் போய் அங்கேயே காலமானார். பொம்மைக் கடைகளில் இப்போது ஜெல்மோரா என்று சொன்னால் திருதிருவென்று விழிப்பார்கள். அண்ணன் கதையில் ஊளையிட்ட மலை, கோராடேஷ்வர் குன்று, மட்டும் எதிரே அப்படியே இருந்தது. நான் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தேன். அரைமணி நேரம் என்பது எவ்வளவு நீளம் என்று பார்க்க வேண்டும் என்று தோன்றியது. போனை எடுக்காமல் சும்மா உட்கார்ந்திருந்தேன். பத்து நிமிடத்திலேயே தாங்கவில்லை. ஒரு பன்னிரண்டு வயதுப் பையன் நான்கு மாதம், ஞாயிறு தவறாமல், தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு இங்கே உட்கார்ந்து, தங்கச்சிக்கு என்ன சொல்லலாம் என்று யோசித்திருக்கிறான். நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. இந்த வலி அவன் செத்த அன்றைக்கே வந்திருக்க வேண்டியது. வாய்விட்டு அழுதேன்.

பக்கத்து நாற்காலியில் காய்கறிக் கூடையோடு இருந்த அம்மாள் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, "கோணாச்சி வாட் பகதேஸ், பாயி?" என்று மராத்தியில் கேட்டார். யாருக்காகக் காத்திருக்கிறாய் என்று.

"பாவாச்சி" என்றேன். அண்ணனுக்காக.

அவர் தண்டவாளத்தை எட்டிப் பார்த்துவிட்டு, தன் தண்ணீர்ப் பாட்டிலை என் பக்கம் நகர்த்தி வைத்தார். "லோக்கல் லேட் ஆஹே" என்றார். "யேயில்." வண்டி தாமதம்தான், வந்துவிடுவான்.